விட்டுப்போன புள்ளி: ஒரு டபுள் கிளிக் புகாரின் நிகழ்வு ஆய்வு

"தம்பி, இந்த மவுசு சரியில்ல. டபுள் கிளிக் பண்ணா ஒரு தடவ வார்த்தை வருது, இன்னொரு தடவ பாராவே செலக்ட் ஆகுது. வார்த்தை வந்தாலும் கடைசிப் புள்ளி விட்டுப்போகுது. பிரவுசர்ல ஒட்டினா பின்னாடி ஒரு ஸ்பேஸ் வேற வருது. வேற மவுசு மாத்திக் குடு."

புகாரின் முழு வாசகம் இவ்வளவுதான். இதில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருந்தன என்பது எனக்குப் புரிய நான்கு நாட்கள் ஆயின. அந்த நான்கு நாட்களில் நான் செய்த தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன். இதே புகார் உங்களிடம் வந்தால் நேரம் மிச்சமாகும்.

இடம், ஒரு சிறிய பதிப்பகத்தின் தட்டச்சு அறை. மூன்று கணினிகள். இரண்டில் விண்டோஸும் வேர்டும். மூன்றாவதில் உபுண்டு என்ற லினக்ஸ் வகை, பழைய கோப்புகளின் சேமிப்பும் எழுத்துரு மாற்றும் வேலையும் அதில். அறையின் பழைய ஆள் பக்க வடிவமைக்கும் அண்ணன். மெய்ப்புப் பார்க்கப் புதிதாகச் சேர்ந்தவர் அக்கா, புகார் சொன்னவர் இவர்தான். வேலை, ஊர்க் கோயில்களைப் பற்றிய ஒரு பழைய நூலின் மறுபதிப்பு. மூல நூலில் "கோவில்" என்றிருப்பதை எல்லாம் பதிப்பக வழக்கப்படி "கோயில்" என்று மாற்ற வேண்டும். அதைச் செய்துகொண்டிருந்தபோதுதான் மவுஸ் மேல் சந்தேகம் வந்தது.

மவுஸ் குற்றவாளியா?

முதல் நாள் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். கண்ட்ரோல் பேனலைத் திறந்து, மவுஸ் பக்கத்தில் டபுள் கிளிக் வேகத்தின் குமிழைக் கொஞ்சம் மெதுவான பக்கம் இழுத்துவிட்டேன். அக்காவின் விரல் நிதானமானது, இரண்டாவது தட்டு தாமதமாகிறதோ என்று ஒரு கணக்கு. அது தப்பு. நிலைமை இன்னும் மோசமானது.

ஏன் என்று பார்க்க, விண்டோஸ் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு தட்டுகள் குறித்த நேரத்துக்குள், ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தனவா என்பதை மட்டும்தான் அது பார்க்கிறது. நேரம், நாம் எதையும் மாற்றாமல் இருந்தால், 500 மில்லிவிநாடி. இடம், நாலு பிக்சல் அளவுக் கட்டம். இரண்டும் பொருந்தினால் "டபுள் கிளிக் வந்தது" என்று நிரலுக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. மூன்றாவது தட்டு என்று விண்டோஸில் தனிச் செய்தி கிடையாது. வேர்ட் போன்ற நிரல்கள் தாமாகவே எண்ணிக்கொள்கின்றன. வேர்டில் இரண்டு தட்டு ஒரு சொல், மூன்று தட்டு ஒரு பாரா. (லிப்ரே ஆபிஸில் மூன்று தட்டு ஒரு வாக்கியம், நான்கு தட்டுதான் பாரா. அங்கிருந்து இங்கே வருபவர்கள் முதல் வாரம் திண்டாடுவார்கள்.) நேரத்தை நான் நீட்டிவிட்டதால், டபுள் கிளிக்குக்கு அப்புறம் அக்கா சாதாரணமாக வைக்கும் அடுத்த தட்டும் மூன்றாவதாகக் கணக்கில் சேர்ந்தது. பாரா செலக்ட் ஆவது இன்னும் கூடிப்போயிற்று. பாரா செலக்ட் ஆனது தெரியாமல் ஓர் எழுத்தை அடித்தால் பாரா போய், அந்த ஓர் எழுத்து மட்டும் மிஞ்சும். ஒருமுறை அப்படியும் நடந்தது. கண்ட்ரோல் இசட் காப்பாற்றியது.

குமிழைப் பழைய இடத்துக்கே தள்ளினேன். பாரா செலக்ட் ஆவது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

இரண்டாம் நாள் அந்த மவுஸைப் பிடுங்கி உபுண்டு கணினியில் செருகினேன். கால்மணி நேரம் டபுள் கிளிக் செய்து பார்த்தேன். ஒரு பிசகும் இல்லை. மவுஸ் நல்லது, வேர்டில்தான் கோளாறு என்று அக்காவிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். இது இரண்டாவது தப்பு, முதல் தப்பைவிடப் பெரியது.

மவுஸ் பொத்தானுக்கு அடியில் சின்ன உலோகத் தகடு ஒன்று இருக்கிறது. அது தேய்ந்துபோனால் ஒரு தட்டுக்கு ஒருமுறை தொட்டு நிற்காமல் துள்ளும். விரல் ஒருமுறைதான் அழுத்தியிருக்கும், கணினிக்கு இரண்டு அழுத்தல் போய்ச்சேரும். அப்படியானால் விரல் செய்த டபுள் கிளிக் மூன்று தட்டாகிவிடும். வேர்டில் பாரா. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். உபுண்டுவில் உள்ளீட்டுக் கருவிகளைக் கவனிக்கும் லிப்-இன்புட் என்ற நூலகம் இந்தத் துள்ளலை வடிகட்டிவிடும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. அழுத்தலுக்கும் விடுதலுக்கும் நடுவே வரும் 25 மில்லிவிநாடிக்கும் குறைந்த துள்ளல்களை அது நிரல்களின் காதுக்கே கொண்டுபோகாது. நோயாளியை மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்துவிட்டுக் காய்ச்சல் இல்லை என்று எழுதிய கதைதான்.

மூன்றாம் நாள் காலையில் எட்டு வரியில் ஒரு ஹெச்டிஎம்எல் பக்கம் எழுதினேன். மவுஸ் பொத்தான் கீழே போகும் ஒவ்வொரு முறையும் நேரத்தையும், பிரவுசர் அதை எத்தனையாவது தட்டாக எண்ணுகிறது என்பதையும் திரையில் எழுதும். எண்ணிக்கையை நாம் கணக்கிட வேண்டியதில்லை, நிகழ்வோடு ஒட்டியே 1, 2, 3 என்று வருகிறது. விண்டோஸ் கணினியில் ஃபயர்பாக்ஸில் அதைத் திறந்து, அக்காவையே உட்காரவைத்து, ஒற்றைத் தட்டு மட்டும் நிதானமாகத் தட்டச் சொன்னேன். 1, 1, 1 என்று போய்க்கொண்டிருந்தது திடீரென்று 1, 2 ஆனது. இரண்டுக்கும் நடுவே 20 மில்லிவிநாடிகூட இல்லை. எந்த விரலும் அப்படித் தட்டாது.

"நான்தான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்றார் அக்கா.

சொன்னார்தான். புது மவுஸ் வந்தது, பாரா செலக்ட் ஆவது நின்றது. புள்ளி மட்டும் இன்னும் விட்டுப்போய்க்கொண்டிருந்தது.

கோவில் கோயிலான கதை

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது இந்தப் பகுதிதான். வேறு மொழிக்காரர்களுக்கு இப்படி ஒரு பிரச்சினை வந்திருக்குமா என்றுகூடத் தெரியவில்லை.

நூலின் கோப்பு பாமினியில் இருந்தது. எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டுமுறைக்கு முன்னால் தமிழ் அச்சறைகளில் புழங்கிய எழுத்துருக்களில் அது ஒன்று. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோர் நடுவிலும் இன்னும் நிறையவே புழங்குகிறது. கணினியைப் பொறுத்தவரை பாமினிக் கோப்பில் தமிழ் என்று ஒன்று இல்லை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி மாட்டிக் காட்டுகிறது. "தமிழ்" என்று திரையில் தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. ஜே என்பது த, கே என்பது ம, பி என்பது இகர விலங்கு ("கி"யில் க-வோடு ஒட்டும் குறி), ஓ என்பது ழ. கடைசி அரைப்புள்ளிதான் ழகரத்தின் தலையில் உட்காரும் புள்ளி.

டபுள் கிளிக் செய்ததும் வேர்ட் என்ன செய்யும்? நிறுத்தக்குறி வந்ததும் சொல் முடிந்தது என்று நிற்கும். அரைப்புள்ளி அதன் கண்ணுக்கு நிறுத்தக்குறி. ஆகவே "தமிழ" வரை செலக்ட் ஆகும், புள்ளி வெளியே நிற்கும். "வணக்கம்" என்ற சொல்லின் தொடக்கத்தில் டபுள் கிளிக் செய்தால் "வணக" மட்டும்தான் வரும், ஏனென்றால் நடுவிலேயே ஒரு புள்ளி இருக்கிறது. "இந்தியா" இன்னும் கொடுமை. பாமினியில் இகரம் என்பது காற்புள்ளி, அடுத்த மெய்யில் ஓர் அரைப்புள்ளி. ஒரே சொல்லில் இரண்டு இடத்தில் வெட்டு.

அண்ணனிடம் கேட்டேன். "பாமினியில யாராவது டபுள் கிளிக் பண்ணுவாங்களா?" என்று சிரித்தார். அவர் இத்தனை வருஷமும் இழுத்தே செலக்ட் செய்கிறார். வேர்டின் மேம்பட்ட விருப்பங்களில், செலக்ட் செய்யும்போது முழுச் சொல்லையும் தானாகச் சேர்த்துக்கொள்ளும் டிக் ஒன்று உண்டு. அதை எடுத்துவிட்டிருந்தார், இல்லையென்றால் இழுக்கும்போதும் துண்டு துண்டாகத் தாவும். (அந்த டிக் இழுப்பதற்கு மட்டும்தான். அதை எடுத்தால் டபுள் கிளிக் மாறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மாறாது.) அக்கா யூனிகோடிலேயே பழகி வந்தவர். அவருக்கு இதை யாரும் சொல்லவில்லை. கேட்டால் அண்ணன் சொல்லியிருப்பார், ஆனால் மவுஸ்தான் கெட்டுவிட்டது என்று இருக்கும்போது அண்ணனிடம் எதைக் கேட்பது?

எல்லாச் சொல்லும் "வணக" மாதிரி கண்ணில் உறுத்தும்படி வெட்டுப்பட்டிருந்தால் அக்காவே நிறுத்தியிருப்பார். அவர் கையாண்ட சொல் "கோவில்". பாமினியில் அது ஏழு விசைகள்: பெரிய என், எஃப், ஹெச், டி, பி, ஒய், அரைப்புள்ளி. அதாவது ஏகாரக் கொம்பு, க, துணைக்கால், வ, இகர விலங்கு, ல, புள்ளி. நிறுத்தக்குறி கடைசியில் மட்டும். டபுள் கிளிக் செய்தால் சொல் முழுக்க வந்த மாதிரியே தெரியும், அந்தச் சின்னப் புள்ளி மட்டும் வெளியே இருக்கும். அடுத்த சொல்லுக்கு முன்னால் இருக்கும் இடைவெளியும் சேர்ந்து வராது. வேர்ட் வழக்கமாக அதையும் சேர்த்து அள்ளும். இடைவெளி வராததே ஒரு தடயம், அதை நானும் கவனிக்கவில்லை.

அக்கா செய்தது இது. "கோவில்" மீது டபுள் கிளிக், காப்பி, ரீப்ளேஸ் பெட்டியின் மேல்வரியில் ஒட்டு. போனது புள்ளியில்லாத "கோவில". கீழ்வரியில் "கோயில்" என்று புள்ளியோடு கையால் அடித்தார். அப்புறம் ரீப்ளேஸ் ஆல்.

அந்த ஒரே சொடுக்கில் நான்கு விதமான முடிவுகள் வந்தன.

வெறும் "கோவில்" இருந்த இடங்களில் எல்லாம் புதிய புள்ளியும் வந்தது, வெளியே நின்ற பழைய புள்ளியும் மிஞ்சியது. ஓர் எழுத்தின் மேல் இரண்டு புள்ளி. எங்கள் கோப்பில் அவை அச்சாக ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து ஒரே புள்ளியாகத் தெரிந்தன. திரையிலும் கண்டுபிடிக்க முடியவில்லை, அச்சிட்ட தாளிலும் முடியவில்லை.

"கோவிலில்", "கோவிலின்" இருந்த இடங்களில் "கோயில்" என்று புள்ளி வைத்து முடிந்து, அதன் பின்னால் அநாதையாக ஓர் இகர விலங்கு தொங்கியது. இவைதான் அக்காவின் கண்ணில் பட்டவை. "புள்ளி விட்டுப்போகுது" என்ற புகார் இங்கிருந்து வந்தது. உண்மையில் அங்கே ஒரு புள்ளி கூடுதல்.

"கோவிலுக்கு" மாறவே இல்லை. பாமினியில் ல-வுக்குச் சின்ன ஒய், லு-வுக்குப் பெரிய ஒய். பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறாகப் பார்க்கும் மேட்ச் கேஸ் டிக் போட்டிருந்தார், அதனால் தப்பித்தது. டிக் இல்லாவிட்டால் வேர்டுக்கு ல-வும் லு-வும் ஒன்றுதான், உகரம் கரைந்திருக்கும்.

"கோவிலை"யும் மாறவில்லை. காரணம் வேறு. பாமினியில் கொம்புகளைப் பார்வைக்கு வரும் வரிசையிலேயே, எழுத்துக்கு முன்னால் அடிக்க வேண்டும். லை என்பதில் ஐகாரக் கொம்பு முதலில், ல பிறகு. ஆகவே "கோவில" என்ற விசை வரிசை அங்கே இல்லவே இல்லை.

முதல் வகை எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்றால், நான்காம் நாள் சோதனைக்காக ஓர் அத்தியாயத்தை உபுண்டுவில் யூனிகோடுக்கு மாற்றினேன். திரை முழுக்கப் புள்ளிவட்டங்கள். யூனிகோடில் ஒரு மெய்யின் மேல் இரண்டாவது புள்ளி வந்தால் அதற்கு உட்கார இடம் கிடையாது, காலியான புள்ளிவட்டத்தின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். பாமினி மூடி மறைத்ததை யூனிகோடு அம்பலப்படுத்தியது. "ஐயோ, இத்தனையா?" என்று அக்கா கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

ரீப்ளேஸ் ஆலுக்கு முந்தைய நகலுக்கே திரும்பியிருக்கலாம். ஆனால் அதற்கப்புறம் செய்த இரண்டு நாள் திருத்தங்கள் போய்விடும். பாமினியிலேயே சரிசெய்தோம், அது எதிர்பார்த்ததைவிடச் சுலபம். எந்தத் தமிழ்ச் சொல்லிலும் இரண்டு புள்ளி அடுத்தடுத்து வராது, ஆகவே இரட்டை அரைப்புள்ளியைத் தேடி ஒற்றையாக்கினால் முதல் வகை முடிந்தது. புள்ளியை அடுத்து இகர விலங்கும் வர வழியில்லை, அப்படி வந்த இடங்களில் புள்ளியை நீக்கினால் இரண்டாவது வகையும் முடிந்தது. மிச்சம் கோவிலுக்கு, கோவிலை.

இந்த இடத்தில் நான் ஒரு புத்திசாலித்தனம் காட்டினேன். எல்லா உருபிலும் பொதுவாக இருப்பது "கோவி", அதை "கோயி" ஆக்கிவிட்டால் ஒரே அடியில் முடிந்துவிடுமே என்றேன். அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கோவிந்தராஜப் பெருமாளை என்ன பண்ணப் போற?" என்றார். கோயில் நூல் முழுக்கக் கோவிந்தர்கள். அதோடு நாகர்கோவில், சங்கரன்கோவில் போன்ற ஊர்ப்பெயர்களையும் தொடக்கூடாது. ரீப்ளேஸ் ஆலை விட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றினோம். அரை நாள் ஆனது.

முழு நூலும் யூனிகோடுக்கு மாறியபின் டபுள் கிளிக் ஒழுங்காகிவிட்டது. யூனிகோடின் 29-ஆம் இணைப்பறிக்கை சொல்லெல்லை எங்கே என்பதற்கு விதி வகுக்கிறது. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் முந்தைய எழுத்தோடு ஒட்டியவை, அங்கே வெட்டக்கூடாது என்பது அதில் ஒன்று. அந்த விதியைப் பின்பற்றும் நிரல்களில் தமிழ்ச் சொல் முழுதாகவே வரும். எல்லா நிரலும் பின்பற்றுவதில்லை. கடைசிச் சரிபார்ப்புக்காக நூலில் உள்ள சொற்களையெல்லாம் பட்டியலிட பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதினேன், சொல்லெழுத்துகளுக்கான வழக்கமான குறியை வைத்து. "கோயில்" என்பது க, ய, ல என்று மூன்று துண்டாக வந்து விழுந்தது. பைத்தானோடு வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற தேடல் கருவிக்குக் குறிகளும் புள்ளியும் எழுத்தில் சேர்த்தி இல்லை. இடைவெளியில் பிரித்து, ஓரத்து நிறுத்தக்குறிகளைச் சீவிவிடும்படி மாற்றியதும் சரியானது. பாமினியில் மவுஸ் செய்த அதே வேலையை இங்கே நிரல் செய்தது.

ஒட்டிவந்த இடைவெளி

மூன்றாவது புகார், ஒட்டும்போது பின்னால் வரும் இடைவெளி. நூலாசிரியர் பெயரை ஒரு பக்கத்தில் டபுள் கிளிக் செய்து எடுத்து அட்டவணையின் தேடல் பெட்டியில் ஒட்டினால் எதுவுமே கிடைக்கவில்லை. கையால் அடித்தால் கிடைக்கிறது. கடைசி இடைவெளியையும் ஓர் எழுத்தாக மதிக்கும் தேடல் அது.

இது கோளாறு இல்லை, விண்டோஸ் உலகத்துப் பழக்கம். ஒரு சொல்லை வெட்டி எடுத்தால் அதன் பின்னிருக்கும் இடைவெளியும் போக வேண்டும், இல்லையென்றால் வாக்கியத்தில் இரண்டு இடைவெளி நிற்கும் என்ற எண்ணத்தில் வந்தது. தட்டச்சுக்கு நல்லது, தேடலுக்கும் கடவுச்சொல்லுக்கும் தொல்லை.

ஃபயர்பாக்ஸில் இதை மாற்றலாம். முகவரிப் பட்டையில் அபௌட், முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று அடித்து, எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போய், தேடல் பெட்டியில் வேர்ட், கீழ்க்கோடு, செலக்ட் என்று போட்டால் சில வரிகள் வரும். அடுத்த சொல் வரை இடைவெளியைத் தின்பது பற்றிய வரி விண்டோஸில் ட்ரூ என்றிருக்கும். உண்மையிலேயே 'ஈட் ஸ்பேஸ்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு முறை சொடுக்கினால் ஃபால்ஸ். ஃபயர்பாக்ஸை மூடித் திறக்கத் தேவையில்லை. லினக்ஸிலும் மேக்கிலும் அது ஏற்கனவே ஃபால்ஸ்தான், அதனால்தான் உபுண்டுவில் இந்தப் புகார் எழவில்லை.

பக்கத்திலேயே நிறுத்தக்குறியில் நிற்பது பற்றிய வரியும் இருக்கிறது. அதையும் ஃபால்ஸ் ஆக்கினால் அடுத்த இடைவெளி வரை மொத்தமாக அள்ளும். முகவரிகளை எடுக்க வசதி. ஆனால் சொல்லோடு காற்புள்ளியும் மேற்கோளும் ஒட்டிவரும். மெய்ப்புப் பார்ப்பவருக்கு அது ஆகாது, தொடவில்லை.

வேர்டில் இடைவெளியை நிறுத்த இப்படி ஒரு டிக் இல்லை. டபுள் கிளிக்குக்கு அப்புறம் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு இடது அம்பை ஒருமுறை தட்டுவது அக்காவுக்குப் பழகிவிட்டது. வெட்டி ஒட்டும்போது இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஸ்மார்ட் கட் அண்ட் பேஸ்ட் வேர்டுக்கு உள்ளே மட்டும் உதவும். வெளியே ஒட்டும்போது அதன் கை எட்டாது.

கோடு போட்ட எண்கள்

கேட்காத கோளாறு ஒன்றையும் போகிற போக்கில் சரிசெய்தோம். பதிப்பக அட்டவணையில் ஒவ்வொரு நூலுக்கும் ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் இருக்கும். 978-இல் தொடங்கி மொத்தம் பதின்மூன்று இலக்கம், நடுவில் நான்கு சிறுகோடு. இந்திய நூலானால் இரண்டாவது துண்டு 81 அல்லது 93. அண்ணன் அட்டவணைக் கோப்பை நோட்பேட் பிளஸ் பிளஸில் திறப்பார். எண்ணின் மேல் டபுள் கிளிக் செய்தால் ஒரு துண்டுதான் வரும், மீதியை இழுப்பார். "இது இப்படித்தான்" என்று பல வருஷமாகப் பழகிவிட்டார்.

செட்டிங்ஸ், ப்ரெஃபரன்சஸ், அதில் டிலிமிட்டர் பக்கம். சொல்லின் பகுதியாக நீங்கள் விரும்பும் குறிகளைச் சேர்க்க ஒரு பெட்டி இருக்கிறது. என்ன செய்கிறோம் என்று தெரியாவிட்டால் இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று பக்கத்திலேயே மிரட்டலும் உண்டு. சிறுகோட்டை அங்கே போட்டோம். இப்போது ஒரு டபுள் கிளிக்கில் முழு எண்ணும் வருகிறது. அதே எண் கோப்பில் வேறெங்காவது இருந்தால் அதுவும் தானாகவே நிறம் மாறிக் காட்டுகிறது. ஒரே எண்ணை இரண்டு நூலுக்குப் போட்டுவிட்ட தப்பு ஒன்று அப்படித்தான் அன்றைக்கே அகப்பட்டது. அண்ணன் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை, டீ மட்டும் வாங்கிவரச் சொன்னார்.

பாமினிக் கோப்புகளுக்கு அரைப்புள்ளியையும் காற்புள்ளியையும் இதே பெட்டியில் போட்டால் சொல் முழுதாக வருமே என்று தோன்றலாம். வரும். ஆனால் மற்றக் கோப்புகளில் வாக்கியக் குறிகளும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே உருப்படியான வேலை.

உபுண்டுவின் டெர்மினலில், அதாவது கட்டளைகளை அடிக்கும் ஜன்னலில், வேறு கணக்கு. அதில் சிறுகோடு, சாய்கோடு, புள்ளி எல்லாம் ஏற்கனவே சொல்லோடு சேர்த்தி, ஆகவே ஐஎஸ்பிஎன் எண்ணும் கோப்பின் பாதையும் முழுதாக வரும். முக்காற்புள்ளி மட்டும் சேர்த்தி இல்லை. கோப்பில் தேடிய முடிவுகள் பாதை, முக்காற்புள்ளி, வரி எண் என்று வரும்போது பாதை மட்டும் தனியே வருவதற்கு அது வசதி. வலைமுகவரியை எடுக்கத் தொல்லை, முன்னாலேயே அறுந்துவிடும். இந்தக் குறிகளின் பட்டியல் ஒரு காலத்தில் டெர்மினலின் விருப்பங்கள் ஜன்னலிலேயே இருந்தது. பிறகு அதைத் தூக்கிவிட்டார்கள். பயனர்கள் சத்தம் போட்டபின் திரும்பி வந்தது, ஆனால் டிகான்ஃப் என்ற அமைப்புக் கிடங்குக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சாவியாக. வேர்ட் சார் எக்ஸெப்ஷன்ஸ் என்று தேடினால் கிடைக்கும். லினக்ஸின் இன்னொரு திரைச்சூழலான கேடிஇ-யின் டெர்மினல், கான்சோலில் இன்றும் ஜன்னலிலேயே இருக்கிறது. விண்டோஸ் டெர்மினலில் தலைகீழ்: எவை சொல்லைப் பிரிக்கும் என்ற பட்டியலைத் தருகிறார்கள், வேண்டாததை அதிலிருந்து நாம் நீக்க வேண்டும். சிறுகோடும் சாய்கோடும் புள்ளியும் அந்தப் பட்டியலில் இருப்பதால், நாம் தொடாதவரை அங்கே பாதையும் துண்டாகவே வரும்.

நூல் அச்சுக்குப் போய்விட்டது. அக்காவின் கணினியில் டபுள் கிளிக் நேரம் பழைய இடத்திலேயே இருக்கிறது. பாமினிக் கோப்பு எது வந்தாலும் முதலில் உபுண்டுவுக்கு அனுப்பி மாற்றி வாங்கிக்கொண்டுதான் தொடுகிறார். அந்தப் பழைய மவுஸைத் தூக்கிப்போட அண்ணனுக்கு மனம் வரவில்லை. உபுண்டு கணினியில் செருகிவைத்திருக்கிறார், முதுகில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி: "வேர்டுக்கு ஆகாது."